நிலக்கரி மின்சாரமும் நெல்லைச் சீமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடி 1986 அக்டோபரில் தனி மாவட்டமாகப் பிரியும் வரை, பொதிகை மலையிலிருந்து முத்துக்குளித்துறை வரை எல்லாம் ஒரே திருநெல்வேலி மாவட்டமாகவே இருந்தது. நிர்வாகம் பிரிந்த பிறகும் ஆறும் காற்றும் கடலும் பொதுவாகவே இருப்பதால், நெல்லைச் சீமை என்று நான் எழுதும் இடமெல்லாம் அந்தப் பழைய எல்லையையே குறிக்கும். அனல்மின் நிலையங்களைப் பற்றி உப்பளத் தொழிலாளர்களும் மீனவர்களும் விவசாயிகளும் கல்லூரி மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். கணக்கு வரும் இடங்களில் அதைப் போட்ட வழியையும் சேர்த்தே தந்துள்ளேன். படிப்பவர்கள் தாங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

நம் பகுதியில் எங்கெங்கே நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள்? அந்த நிலக்கரி எங்கிருந்து வருகிறது?

எல்லா நிலையங்களும் கடற்கரையை ஒட்டியே இருக்கின்றன. தூத்துக்குடித் துறைமுகத்தை அடுத்து, ஊரார் ‘தெர்மல்’ என்றே சொல்லும் அரசு அனல்மின் நிலையம் இவற்றில் மூத்தது. அதன் முதல் அலகு, அதாவது தனியே மின்சாரம் எடுக்கும் இயந்திரத் தொகுதி, 1979இல் ஓடத் தொடங்கியது. 1992க்குள் தலா 210 மெகாவாட் திறனுள்ள ஐந்து அலகுகளும் சேர்ந்து 1,050 மெகாவாட் ஆயிற்று. அருகிலேயே நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்எல்சியும் தமிழ்நாட்டு மின்வாரியமும் கூட்டாக அமைத்த என்டிபிஎல் நிலையத்தின் இரண்டு 500 மெகாவாட் அலகுகள் 2015 முதல் மின்சாரம் தருகின்றன. மேலமருதூரில் இரண்டு 600 மெகாவாட் அலகுகள் கொண்ட தனியார் நிலையம் உள்ளது. தெற்கே உடன்குடி வட்டாரத்தில், கல்லாமொழியில், இரண்டு 660 மெகாவாட் அலகுகளுக்கான அரசுத் திட்டம் எழும்பியிருக்கிறது.

நம் மண்ணுக்கு அடியில் நிலக்கரி கிடையாது. ஒடிசாவின் தால்ச்சர் வட்டாரச் சுரங்கங்களில் வெட்டப்பட்டு, ரயிலில் பாராதீப் துறைமுகம் வந்து, அங்கிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, கன்வேயர் பெல்ட் வழியாக நிலையத்துக்குள் போகிறது. இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்தும் இறக்குமதியாகிறது. குளிர்விக்கக் கடல்நீரும், கரி இறக்கத் துறைமுகமும் ஒரே இடத்தில் கிடைப்பதுதான் நிலையங்கள் இந்தக் கரையில் வரிசையாக அமைந்ததற்குக் காரணம். நமக்காகக் காடும் வயலும் இழந்த ஊர்கள் தால்ச்சர் பக்கத்தில் இருக்கின்றன என்பதையும் இந்த இடத்தில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு நிலக்கரி எரிகிறது?

நம் நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் செலவாகிறது. அந்தக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பலாகவே நிற்பதால் கால் கிலோ சாம்பல் மிஞ்சுகிறது. ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான கரியமில வாயு வானத்துக்குப் போகிறது. இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவழிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால், அது முழுவதும் நிலக்கரி மின்சாரமாக இருக்கும்பட்சத்தில், 210 கிலோ கரியும் 70 கிலோவுக்கு மேற்பட்ட சாம்பலும் அந்த மின்கட்டண அட்டைக்குப் பின்னால் இருக்கின்றன. நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து வருவதால் இந்தக் கணக்கு உண்மைக்கு வெகு தொலைவில் இல்லை.

இதையே தெர்மலுக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து அலகுகளும் ஒரு நாள் முழுவதும் முழு அளவில் ஓடினால் 2 கோடியே 52 லட்சம் யூனிட் கிடைக்கும். அதற்கு 17,000 டன்னுக்கு மேல் கரி வேண்டும். ஏறத்தாழ 6,000 டன் சாம்பல் சேரும். பழைய அலகுகள் எல்லா நாளும் முழு அளவில் ஓடுவதில்லை என்பதால் இதை மேல்வரம்பாகக் கொள்ள வேண்டும். ஆனாலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓடும் ஒரு நிலையம் எவ்வளவு சாம்பலை இந்தக் கரையில் இறக்கியிருக்கும் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

அவ்வளவு சாம்பலும் எங்கே போகிறது? உப்பளத்தில் படிவதாகச் சொல்வது உண்மைதானா?

கொதிகலனில் உண்டாகும் சாம்பலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கனமாக அடியில் விழுகிறது. மீதி, மாவைவிட நுண்ணிய உலர் சாம்பலாகப் புகையோடு மேலே கிளம்புகிறது. துகள்களுக்கு மின்னேற்றி, தகடுகளில் ஒட்டவைத்துப் பிடிக்கும் இஎஸ்பி என்ற கருவி இதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. நூற்றுக்கு எத்தனை என்ற கேள்வியில்தான் ஊரின் நலம் அடங்கியிருக்கிறது. நாளொன்றுக்கு 4,900 டன் உலர் சாம்பல் புகையில் கிளம்புவதாக வைத்துக்கொண்டால், கருவி 99.9 விழுக்காடு பிடிக்கும்போது வெளியேறுவது 5 டன். 99 விழுக்காடு மட்டுமே பிடிக்கும்போது 49 டன். காகிதத்தில் ஒரு விழுக்காடுகூட இல்லாத வேறுபாடு, காற்றில் பத்து மடங்காகிவிடுகிறது. அந்தக் கருவியின் ஒரு பகுதி பழுதாகி, அலகை நிறுத்தாமல் ஓட்டும் நாள்களில் சுற்றுப்புற ஊர்களில் தெரியும் மாற்றத்துக்கு இதுதான் காரணம்.

பிடிபட்ட சாம்பலில் ஒரு பகுதி சிமெண்ட் ஆலைகளுக்கும், உலர் சாம்பலில் ஃப்ளை ஆஷ் கல் அறுக்கும் தொழிற்கூடங்களுக்கும் பல்கர் என்னும் மூடிய தொட்டி லாரிகளில் போகிறது. மீதியைக் கடல்நீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புவது பழைய நிலையங்களின் வழக்கம். குளம் ஈரமாக இருக்கும்வரை சாம்பல் அடங்கிக் கிடக்கும். ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று வீசும்போது காய்ந்த ஓரங்களிலிருந்து கிளம்பும் தூசியைத் துறைமுகச் சாலையில் இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள் முகத்திலேயே வாங்கிக்கொள்கிறார்கள்.

உப்பளத்துக்கு வருவோம். முள்ளக்காட்டிலிருந்து ஆறுமுகநேரி வரை, பாத்திகளில் உப்பு விளைந்து வாரும் பருவமும் காற்றில் தூசி மிகும் பருவமும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. உப்பு விளையும்போதே துகள் விழுந்தால் அது படிகத்துக்கு உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. மேலே ஒட்டியதை உப்புநீரில் அலசிப் போக்கலாம், உள்ளே சிக்கியதைப் போக்க முடியாது. வாங்க வருகிற வியாபாரி ஒரு கை அள்ளி வெயிலில் பிடித்துப் பார்ப்பார். வெள்ளையில் சாம்பல் நிறம் தட்டினால் சாப்பாட்டு உப்பு விலை கிடைக்காது, தொழிற்சாலை உப்பு என்று விலை இறங்கிவிடும். சிறு உப்பளக்காரருக்கு இது பெரிய இழப்பு. அதை எந்த மின் கட்டணத்திலும் யாரும் சேர்த்ததில்லை. கூலிக்கு உப்பு வாருகிற பெண்களுக்கோ, உப்புநீரில் வெடித்த கால்களோடும் வெயிலில் கூசும் கண்களோடும் இந்தத் தூசியும் சேர்ந்துகொள்கிறது.

சட்டம் இந்தச் சாம்பலைப் பற்றி என்ன சொல்கிறது?

சட்டம் தெளிவாகவே சொல்கிறது. சாம்பலைப் பயன்படுத்த வேண்டும் என்ற முதல் மத்திய அறிவிக்கை 1999இல் வந்தது. 2021 டிசம்பர் 31ஆம் நாள் அறிவிக்கை, உண்டாகும் சாம்பல் முழுவதையும் நிலையமே பயனுக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்றும், குறித்த காலத்தில் செய்யாவிட்டால் மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 1,000 ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும் என்றும் விதித்தது. குளங்களில் ஏற்கெனவே குவிந்துள்ள பழைய சாம்பலையும் பத்து ஆண்டுகளுக்குள் அப்புறப்படுத்த வேண்டும். பழைய சாம்பலில் கன உலோகங்கள் சிறிய அளவில் இருப்பதாலும், நம் கரையில் நிலத்தடி நீர் ஆழமில்லாத மணலில் நிற்பதாலும், இந்தக் கடைசி விதியே நமக்கு மிக முக்கியமானது என்று நான் கருதுகிறேன்.

ஃப்ளை ஆஷ் கல்லில் வீடு கட்டினால் ஆபத்து உண்டா?

முறையாகத் தயாரித்த கல்லால் ஆபத்தில்லை. சாம்பல் சிமெண்டோடோ சுண்ணாம்போடோ சேர்ந்து இறுகிவிடுவதால் அதிலுள்ள உலோகங்கள் எளிதில் கசிவதில்லை. செங்கல் சூளைக்காகக் குளத்து வண்டலும் வயல் மண்ணும் வெட்டப்படுவதும் குறைகிறது. பாதுகாப்பு தேவைப்படுவது அந்தத் தொழிற்கூடங்களில் நாள் முழுவதும் உலர் சாம்பலைக் கொட்டிக் கலக்கும் தொழிலாளர்களுக்கு. துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது அவர்களுக்குப் போதாது. நுண்துகளைத் தடுக்கும் தரமான முகக்கவசம் வேண்டும்.

புகைபோக்கி அவ்வளவு உயரமாக இருக்கும்போது பக்கத்து ஊர்களுக்கு என்ன பாதிப்பு? எங்கள் பிள்ளைகளின் மூச்சுத்திணறலுக்கு அதுதான் காரணமா?

500 மெகாவாட் அலகுகளுக்கு 275 மீட்டர் உயரமுள்ள புகைபோக்கி விதிக்கப்பட்டிருப்பது, நச்சு ஓரிடத்தில் செறியாமல் பரவட்டும் என்பதற்காகத்தான். பரவுவதால் அளவு குறைவதில்லை, பங்கிட்டுக்கொள்வோர் எண்ணிக்கைதான் கூடுகிறது. தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து வீசுவதால் புகையின் பெரும்பகுதி மன்னார் வளைகுடாவின் மேல் போகிறது. ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்று திரும்பியதும் அதே புகை தென்மேற்காக உள்நாட்டுக்குள், முள்ளக்காடு, ஆத்தூர், ஏரல் பக்கமாகத் தள்ளப்படுகிறது. கோடையில் பிற்பகல் கடற்காற்றும் இதையே செய்கிறது. ஆகவே ‘எங்கள் ஊருக்குப் புகை வருமா’ என்று கேட்பவர்கள் எந்த மாதத்தில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒரே ஒரு பருவத்தில் எடுத்த காற்றுத்தர அளவீட்டைக் காட்டிப் பாதிப்பில்லை என்று யாராவது சொன்னால் அதை ஏற்கக்கூடாது.

ஒரு தனிக் குழந்தையின் நோய்க்கு ஒரு தனிப் புகைபோக்கியைக் காரணம் காட்ட மருத்துவத்தால் இயலாது. லாரிப் புகை, சாலைப் புழுதி, குப்பை எரிப்பு, பிற ஆலைகள் எல்லாம் அதே காற்றில் கலந்திருக்கின்றன. மக்கள்தொகை அளவில் நுண்துகள் மிக மிக இதயநோயும் நுரையீரல் நோயும் மிகுகின்றன என்பதில் ஐயமில்லை. பிஎம் 2.5 என்னும் நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றுக்கு 5 மைக்ரோகிராம். இந்தியாவின் வரம்பு 40. நம் வரம்பே எட்டு மடங்கு தளர்வானது. தேசிய தூய காற்றுத் திட்டத்தில், காற்றுத்தர நெறியை எட்டாத நகரங்களின் பட்டியலில் தூத்துக்குடியும் இடம்பெற்றுள்ளது.

கந்தக வாயுவைப் பிடிக்கும் கருவியை எல்லா நிலையங்களும் பொருத்த வேண்டும் என்றார்களே, அது என்ன ஆயிற்று?

இந்தக் கேள்விக்கான விடை மனத்தை வருத்துவது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பர் 7ஆம் நாள் துகள், கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, பாதரசம் ஆகியவற்றுக்கு வரம்பு விதித்து, இரண்டு ஆண்டுகளில் நிறைவேற்றச் சொன்னது. கந்தக வரம்பை எட்டுவதற்கு எஃப்ஜிடி எனப்படும் கருவி வேண்டும்; சுண்ணாம்புக்கல் கரைசலில் புகையைக் கழுவி, கந்தகத்தை ஜிப்சமாக மாற்றிவிடும் ஏற்பாடு அது. 2017இல் முடிய வேண்டிய கெடு 2022க்குப் போயிற்று. பிறகு நிலையங்களை மூன்று பிரிவாக்கி மறுபடியும் மறுபடியும் தள்ளினார்கள். 2025 ஜூலையில் வெளியான அறிவிக்கை, பெருநகரங்களுக்கும் மாசு மிகுந்த இடங்களுக்கும் தொலைவிலுள்ள, நாட்டின் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட அலகுகளை இந்தக் கந்தக வரம்பிலிருந்தே விடுவித்துவிட்டது.

அரசு சொன்ன காரணம், இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது. அது உண்மைதான், அரை விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். ஆனால் அரை விழுக்காடு கந்தகமுள்ள ஒரு டன் கரி எரிந்தால் ஏறத்தாழ 10 கிலோ கந்தக டை ஆக்சைடு உண்டாகும். நாளொன்றுக்கு 17,000 டன் கரிக்கு அது 170 டன். வாயுவாக நிற்கும்வரை அது வரம்புக்குள் இருப்பதாக அளவுமானி காட்டலாம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணத்தில் அது சல்பேட் நுண்துகளாக மாறி, எங்கோ ஒருவரின் நுரையீரலில் பிஎம் 2.5 ஆகச் சேர்கிறது. புகைபோக்கியின் அடியில் நின்று அளந்தால் அது கணக்கில் வராது.

நமக்கு இதில் ஒரு பிடி இருக்கிறது. காற்றுத்தர நெறியை எட்டாத நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் உள்ள நிலையங்கள் இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவை. அவற்றுக்குத் தானாக விலக்குக் கிடையாது, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். தூத்துக்குடி அந்தப் பட்டியலில் உள்ள நகரம். அப்படி ஆராயும்போது இங்குள்ள உள்ளாட்சிகளும் மருத்துவர்களும் உப்புத் தொழிலாளர் சங்கங்களும் எழுத்தில் கருத்துச் சொல்ல வேண்டும்.

கடலுக்கு என்ன கேடு? பவளப்பாறைகள் அழிந்ததற்கும் தெர்மல்தான் காரணமா?

பழைய அனல்மின் நிலையம் ஒன்றில் கரியின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி வெப்பத்தின் பெரும்பகுதி, நீராவியைக் குளிர்விக்கும் கடல்நீரோடு கடலுக்கே திரும்புகிறது. வெந்நீரை ஏற்றுக்கொள்ளும் கடலின் வெப்பநிலை இயல்பைவிட 7 டிகிரி செல்சியசுக்கு மேல் உயரக் கூடாது என்பது கடலோரப் புதிய நிலையங்களுக்கான விதி. ஏற்கெனவே கோடையில் 30 டிகிரியைத் தொடும் ஆழமில்லாத ஒரு விரிகுடாவுக்கு 7 டிகிரி என்பது மிகையான சலுகை என்பது என் கருத்து. வெந்நீர் விழும் இடத்தைச் சுற்றி மிதவை உயிரிகளும் மீன் குஞ்சுகளும் குறையும். உறிஞ்சுகுழாயில் கடல்நீரோடு இழுபட்டு மடியும் முட்டைகளும் குஞ்சுகளும் தனிக் கணக்கு.

பவளப்பாறை விஷயத்தில் பழியைச் சரியாகப் பங்கிட வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. அவற்றில் தூத்துக்குடிக்கு அருகில் வான் தீவு, காசுவார், விலாங்குசல்லி, காரியாசல்லி ஆகிய நான்கு உள்ளன. விலாங்குசல்லி கடலுக்குள் மூழ்கிவிட்டது. வான் தீவு சுருங்கியது. இதற்கு முதற்காரணம், சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல பத்தாண்டுகளாகப் பவளத்தை வெட்டியெடுத்தது. 2010இலும் 2016இலும் பவளங்கள் பெருமளவில் வெளுத்ததற்குக் காரணம் கடல் முழுவதும் சூடேறியது. உலகெங்கும் எரிந்த நிலக்கரிக்கு அந்தச் சூட்டில் பங்குண்டு. நம் ஒரு நிலையத்தின் வெந்நீர்க் கால்வாய் செய்யும் கேடு உள்ளூர் அளவிலானது. இரண்டையும் குழப்பிப் பேசினால், எதிர்த்தரப்பு வல்லுநர் ஒரே கேள்வியில் நம் வாதத்தைச் சாய்த்துவிடுவார்.

மீனில் பாதரசம் இருக்குமா?

நிலக்கரியில் மிகச் சிறிய அளவில் பாதரசம் உண்டு. அது புகையோடு வெளியேறி நீரில் சேர்ந்து, உயிரிகள் வழியே பெரிய மீன்களில் திரள்கிறது. சுறா, பெரிய சூரை போன்றவற்றைக் கருவுற்ற பெண்களும் சிறு பிள்ளைகளும் அடிக்கடி உண்ணாமல் இருப்பது எந்தக் கடற்கரைக்கும் பொருந்தும் அறிவுரை. சாளையும் நெத்திலியும் அச்சமின்றிச் சாப்பிடலாம்.

தாமிரபரணித் தண்ணீரை அனல்மின் நிலையம் குடிக்கிறதா?

குளிர்விப்பதற்குக் கடல்நீர் போதும். கொதிகலனுக்கும் குடியிருப்புக்கும் நல்ல தண்ணீர் வேண்டும். தூத்துக்குடி ஆலைகளுக்காக ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தண்ணீர் எடுத்த ‘20 எம்ஜிடி’ திட்டம், பெயரிலேயே சொல்வதுபோல், நாளொன்றுக்கு இரண்டு கோடி காலன், அதாவது ஏறத்தாழ 9 கோடி லிட்டருக்கு வகுக்கப்பட்டது. ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் ஸ்ரீவைகுண்டமே கடைசி. அங்கே எடுக்கும் ஒவ்வொரு லிட்டரும் அதற்குக் கீழேயுள்ள வாய்க்கால்களின் வாழைக்கும் நெல்லுக்கும், கடல்நீர் ஏறாமல் தடுக்கும் முகத்துவாரத்துக்கும் சேர வேண்டியது. மழை பொய்த்த ஆண்டுகளில் கடைமடை விவசாயி வயிறெரிந்து கேட்டது இதைத்தான். கடலோர ஆலைகள் கடல்நீரைக் குடிநீராக்கிப் பயன்படுத்தும் தொழில்நுட்பம் வந்துவிட்ட பிறகும் அவற்றுக்கு ஆற்றுநீர் கொடுப்பதற்கு நியாயமே கிடையாது.

பணக்கார நாடுகள் நூற்றைம்பது ஆண்டுகளாக நிலக்கரியை எரித்துத்தானே வளர்ந்தன? வளரும் நாடான நம்மை மட்டும் ஏன் கட்டுப்படுத்த வேண்டும்?

இந்தக் கேள்வியில் பெரும் நியாயம் இருக்கிறது. 2023–24இல் இந்தியாவில் ஒரு ஆளுக்கான மின்சார நுகர்வு 1,395 யூனிட். உலகச் சராசரியில் அது பாதிகூட இல்லை. ஆளுக்குக் கரியமில வாயு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன். அமெரிக்கரின் பங்கு அதைப்போல ஆறேழு மடங்கு. பாபநாசத்தில் 1944இல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகுதான் இந்தச் சீமையின் ஊர்களுக்குள் மின்விளக்கு மெல்ல மெல்ல வந்தது. பம்புசெட் வந்த பிறகுதான் மானாவாரிக் காட்டில் இரண்டாம் போகம் வந்தது. மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. உலக மாநாடுகளில் நம் நாடு கூடுதல் காலமும் பொருளுதவியும் கேட்பதும், 2070க்குள் நிகர சுழியம் (வெளியிடும் கரியமில வாயுவும் உறிஞ்சப்படுவதும் சமமாகும் நிலை) என்று தனக்கான கெடுவை வைத்துக்கொண்டதும் அந்த நியாயத்தின் அடிப்படையில்தான்.

ஆனால் இங்கே இரண்டு கணக்குகள் இருக்கின்றன. அவற்றை ஒன்றாக்கிவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. கரியமில வாயு உலகத்தின் கணக்கு. அதில் நம் பங்கு குறைவு, நம் வாதம் வலுவானது. சாம்பலும் கந்தகமும் பாதரசமும் வெந்நீரும் உள்ளூர்க் கணக்கு. அதில் பாதிக்கப்படுவது வாஷிங்டனில் இருப்பவர் அல்லர், தெர்மல் நகரிலும் முள்ளக்காட்டிலும் இருப்பவர். இஎஸ்பியைப் பழுதுபார்க்காமல் ஓட்டுவதற்கும், சாம்பல் குளத்தில் தண்ணீர் தெளிக்காமல் விடுவதற்கும் ‘நாம் வளரும் நாடு’ என்பது விடையாகாது. நாடு வளர்வதற்காக ஒரு சில ஊர்களின் மூச்சை மட்டும் செலவுக் கணக்கில் எழுதுவது, வல்லரசுகள் நமக்குச் செய்த அதே அநீதியை நம் ஏழைகளுக்கு நாமே செய்வதாகும்.

2010 முதல் ஒரு டன் நிலக்கரிக்கு 50 ரூபாயாகத் தொடங்கி 2016இல் 400 ரூபாயாக உயர்ந்த தூய்மைச் சுற்றுச்சூழல் வரி, தூய ஆற்றலுக்காக என்று சொல்லித் திரட்டப்பட்டது. 2017இல் அது மாநிலங்களுக்கான ஜிஎஸ்டி இழப்பீட்டுக்குத் திருப்பிவிடப்பட்டது. அந்தப் பணத்தில் சிறு பங்காவது சாம்பல் விழும் ஊர்களின் ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வந்திருந்தால் இன்று நம்மிடம் நோய்க் கணக்காவது இருந்திருக்கும்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் தண்ணீரின் நடுவே சிக்கினர். ஒரு தனி மழையை நிலக்கரியின் தலையில் கட்ட முடியாது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைச் சுமக்கும் என்பது இயற்பியல். சூடேறிய கடலின் மேல் இத்தகைய மழைக்கு வாய்ப்புக் கூடுகிறது. குளங்களின் கரை பலப்படுத்தாமல் கிடந்ததும், ஓடைகள் ஆக்கிரமிக்கப்பட்டதும் நாமே சேர்த்த பங்கு.

ஆரல்வாய்மொழி முதல் கயத்தாறு வரை இவ்வளவு காற்றாலைகள் இருக்கும்போது நிலக்கரி எதற்கு?

நம் மக்கள் காத்தாடி என்று சொல்லும் காற்றாலைகளை அரசு சோதனை முயற்சியாக 1986இல் முள்ளக்காட்டில் நிறுவியது. நாட்டின் முதல் காற்றுப் பண்ணைகளில் அதுவும் ஒன்று. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ராதாபுரம், பணகுடி, கயத்தாறு, செங்கோட்டைக் கணவாய் ஆகிய பகுதிகளுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. இடர்ப்பாடு பருவத்தில் இருக்கிறது. வைகாசி முதல் புரட்டாசி வரை வாரி வழங்கும் காற்று, ஐப்பசிக்குப் பின் அடங்கிவிடுகிறது. சூரிய மின்சாரம் மாலை ஆறு மணிக்கு நின்றுவிடும். மின் தேவை மிகும் நேரமோ அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இந்த இடைவெளியை நிரப்பவே நிலக்கரி இன்னும் எரிகிறது.

இடைவெளியைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. நிலக்கரி அலகுகள் காற்று மிகுந்த நேரத்தில் தங்கள் திறனில் 40 விழுக்காடு வரை இறங்கி ஓட வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023இல் விதி வகுத்தது. நீலகிரியில் குந்தா நீரேற்று மின் திட்டமும், மின்கலச் சேமிப்பும், காற்றாலைப் பகுதிகளிலிருந்து வெளியே போகும் உயர் அழுத்தத் தடங்களும் விரைந்து முடிந்தால், மேல்காற்றின் மின்சாரத்தை வாங்காமல் வீணடிக்கும் நாள்கள் குறையும். முப்பது ஆண்டுகளுக்கு முன் நட்ட சிறிய காற்றாலைகளை எடுத்துவிட்டு, அதே இடத்தில் பெரிய இயந்திரங்களை நிறுத்துவது எல்லாவற்றிலும் எளிய வழி. ஏனெனில் நல்ல காற்று வீசும் இடங்களை அந்தச் சிறியவைதான் பிடித்து வைத்திருக்கின்றன. வீட்டுக் கூரையில் சூரியத் தகடு வைப்போருக்கு 2024இல் தொடங்கிய மத்திய திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. நம் வெயிலுக்கு அதைப் பயன்படுத்தாமல் விடுவது நட்டம்.

பழைய நிலையத்தை மூடினால் வேலை என்னாகும்?

நிரந்தர ஊழியர்களை மின்வாரியம் வேறிடத்துக்கு மாற்றிவிடும். சாம்பல் அள்ளுவது, கன்வேயர் துப்புரவு, கரி இறக்குவது ஆகிய வேலைகளில் இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர்கள் பல நேரம் முறையான பதிவேட்டில்கூட இருப்பதில்லை. எனவே மூடும் தேதியைப் பேசும் முன்பே அந்தப் பதிவேட்டைச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். இழப்பீடும் மறுபயிற்சியும் அதை வைத்துத்தான் கிடைக்கும்.

உடன்குடிப் பக்கத்து மக்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

புதிய அலகுகள் உயர் அழுத்தத்தில் ஓடும் சூப்பர்கிரிட்டிகல் வகை. ஒரு யூனிட்டுக்குப் பழையவற்றைவிடக் குறைவான கரி போதும். அதனால் அங்கே முதலில் கவனிக்க வேண்டியது கரி இறங்கும் கடல் மேடையும், திறந்த கரிக் குவியலும். கரையோர மணல் தெற்கு வடக்காக நகரும் இடத்தில் கடலுக்குள் எதை நிறுத்தினாலும் ஒரு பக்கம் மணல் சேர்வதும் மறுபக்கம் கரை அரிப்பதும் நடக்கலாம். ஆலந்தலை முதல் மணப்பாடு வரை வலைக்காரர்கள் தங்கள் கரையைப் புகைப்படத்துடன் ஆண்டுதோறும் பதிவுசெய்துகொள்வது நல்லது. தேரிக்காட்டுப் பனைகளில் பதநீருக்குக் கட்டும் கலயம் வாய் திறந்தே இருக்கிறது. பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் உள்ள சட்டியும் அப்படியே. கரித்தூசி அதில் விழுந்தால், புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியின் நிறமும் பெயரும் கெடும். கரிக் குவியலைச் சுற்றிக் காற்றுத் தடுப்பும், இடைவிடாத நீர்த் தெளிப்பும், மூடிய கன்வேயரும் வேண்டும் என்று எழுத்தில் கேட்பது நியாயமான கோரிக்கை.

எங்கே, எப்படிக் கேட்பது?

அன்றாட முறையீட்டுக்குத் தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியத்தின் மாவட்ட அலுவலகமும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளும் உள்ளன. மனுவில் பொதுவாக ‘மாசு’ என்று எழுதாமல் தேதி, நேரம், காற்று வீசிய திசை, படிந்த இடம் ஆகியவற்றைக் குறித்து, புகைப்படத்தோடு கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் வாரியம் தந்துள்ள இசைவாணையில் நிபந்தனைகள் வரிசையாக இருக்கும்; அதன் நகலையும், சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற நிலையம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் இணக்க அறிக்கையையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். புகைபோக்கியில் பொருத்தியுள்ள தொடர் அளவுமானிகளின் பதிவையும் அவ்வாறே கேட்கலாம். கண்ணால் கண்ட நாளையும் அந்தப் பதிவையும் ஒப்பிட்டால், முறையீட்டுக்கு மறுக்க முடியாத ஆதாரம் கிடைக்கும்.

புதிய திட்டமோ விரிவாக்கமோ வந்தால், 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். குறைந்தது 30 நாள்களுக்கு முன் நாளிதழில் விளம்பரம் வர வேண்டும். திட்டத்தின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். நிகழ்வு முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். கூட்டம் முடியும்போது, மக்கள் சொன்னவற்றின் சுருக்கத்தைத் தமிழில் அங்கேயே படித்துக்காட்ட வேண்டும் என்பதும் விதி. பலரும் பேசி முடித்தவுடன் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தச் சுருக்கம் வாசிக்கப்படும் வரை இருந்து, தாம் சொன்னது விடுபட்டிருந்தால் அப்போதே சேர்க்கச் சொல்ல வேண்டும். வர இயலாதவர்கள் எழுத்து மூலமும் கருத்து அனுப்பலாம். அனுமதி தரப்பட்ட பிறகு அதை எதிர்க்க விரும்பினால், சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை கிடைக்கும், அதற்குப் பிறகு மனுவை ஏற்க மாட்டார்கள். மாசால் ஏற்பட்ட இழப்புக்கு ஈடு கேட்பதற்கு அதே தீர்ப்பாயத்தில் ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. உப்பளக்காரர்கள் விலை குறைத்து விற்ற சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருப்பது இதற்காகத்தான்.